புது ஊரில் நல்ல சாப்பாட்டுக் கடை பிடிப்பது எப்படி? சுங்கை சிப்புட்டுக்கு மாறி வந்தவர்களுக்கு

தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், கிளினிக்கில் வேலை கிடைத்து வந்த தாதியர், ஈப்போவில் வீட்டு விலை கட்டுப்படியாகாமல் இங்கே தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு வாங்கியவர்கள் என்று சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எப்போதும் உண்டு. வந்த முதல் வாரத்தில் இரவு எட்டரை மணிக்குப் பெரிய ரோட்டில் ஒரு சுற்று காரை ஓட்டிப் பார்ப்பார்கள். பாதிக் கடை சாத்தியிருக்கும். ஒரு மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடை, ஒரு பொரித்த கோழிக் கடை, ஒரு தோம்யாம் கடை. 'இந்த ஊர்ல சாப்பிட ஒண்ணுமில்ல' என்று முடிவு கட்டிவிட்டு, வாரக் கடைசியானால் ஈப்போவுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

சாத்தியிருந்த கடைகளில்தான் நல்லவை இருக்கின்றன. அவை காலை ஆறுக்குத் திறந்து பத்தரைக்குச் சட்டி கழுவிவிடும் கடைகள். தோட்டப்புற டவுனில் சாப்பாடு தேடுவதற்கு முதலில் தெரிய வேண்டியது எந்த நேரத்தில் யார் என்ன சமைக்கிறார்கள் என்பது. முகவரி அப்புறம் தானாக வரும். சுங்கை சிப்புட்டை வைத்துத்தான் எழுதுகிறேன். பீடோர், தாப்பா, பாகான் செராய், பகாவ் பக்கம் போனவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் கடிகாரம்

பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியுமுன் எழுந்து போனதற்குக் காரணம், வெயில் ஏறுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) நிற்பதற்கு முன்னால் வயிற்றுக்கு ஏதாவது வேண்டும். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். இன்று பெரும்பாலான தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்கள் தாமான்களுக்கு வந்துவிட்டன. ஆனால் ஊரின் வயிறு இன்னும் பழைய நேரத்துக்குத்தான் பசிக்கிறது. கோலாலம்பூரில் காலை பத்து மணிக்குக் கிடைக்கும் பசியாறல் இங்கே எட்டு மணிக்கே தீரத் தொடங்கிவிடும்.

ஆகவே முதல் வாரத்தில் நான்கு வேளை ஊரைச் சுற்றுங்கள். காரில் வேண்டாம், மோட்டாரோ நடையோ நல்லது.

காலை ஆறரைக்குப் பசாரைச் சுற்றி. மீன் விற்பவர், காய்கறி இறக்கும் லோரிக்காரர் எல்லாம் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் தினமும் வெளியில் சாப்பிடுகிறவர்கள். காசுக்குக் கணக்குப் பார்ப்பவர்கள், நேரத்துக்கும் பார்ப்பவர்கள். அவர்கள் மேசையில் என்ன கிண்ணம் இருக்கிறதோ அதைத்தான் நீங்களும் சொல்ல வேண்டும்.

பகல் பன்னிரண்டுக்குக் கடைவீதி. வாழையிலைச் சாப்பாடு, மலாய்க்காரர் நாசி சம்பூர், சீனர் கடையில் பல கறிகளை வரிசையாக வைத்துச் சோறு போடும் இடம் எல்லாம் அப்போதுதான் முழுத் தட்டோடு இருக்கும். ஒன்றரைக்குப் போனால் மிச்சம்தான்.

மாலை நாலு மணி பலர் விட்டுவிடும் வேளை. கோரேங் பீசாங், வடை, கறி பாப், அப்பம், செண்டோல் எல்லாம் இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் முளைக்கும் மேசைகளில் கிடைக்கும். பள்ளி விடும் பாதையிலும் தாமான் முனையிலும் பாருங்கள். எண்ணெய் எப்போது மாற்றியது என்பது நிறத்திலேயே தெரியும். கறுத்திருந்தால் நடையைக் கட்டுங்கள்.

இரவு ஏழுக்கு மேல் சீனர்களின் தாய் சாவ், தோம்யாம், மாமாக். வாரத்தில் ஒரு நாள் பசார் மாலாம் (இரவுச் சந்தை). உங்கள் தாமானுக்கு எந்தக் கிழமை என்பதை அண்டை வீட்டில் கேளுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாள், அது அநேகமாக மாறாது.

யாரிடம் கேட்பது

கூகல் மேப்பைத் திறக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த மாதிரி ஊரில் அதில் போட்டிருக்கும் திறக்கும் நேரத்தை நம்பிப் போகாதீர்கள். கடைக்காரருக்கு அதைப் பார்க்கும் வழக்கமே இருக்காது. யாரோ ஒரு வாடிக்கையாளர் என்றோ போட்டுவிட்டுப் போன நேரம் அது. நட்சத்திரங்களை விட்டுவிட்டுப் புதிய படங்களைப் பாருங்கள். போன மாதம் எடுத்த படத்தில் கூட்டம் இருந்தால் கடை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் அதன் பயன்.

ஆட்களைக் கேட்பது மேல். ஆனால் 'இங்க எங்க நல்ல சாப்பாடு கிடைக்கும்?' என்று கேட்டால், வெளியூர்க்காரருக்குப் பிடிக்கும் என்று அவர்கள் நினைக்கிற ஏர்கான் கடையைத்தான் காட்டுவார்கள். கேள்வியைச் சின்னதாக்குங்கள். 'அண்ணே, இன்னிக்கு காலையில நீங்க எங்க பசியாறினீங்க?' இப்படிக் கேட்டால் பொய் வராது. சீன ஆன்ட்டியிடம் 'கறி மீ எங்கே வாங்குவீங்க?' என்று ஒரே ஒரு சாப்பாட்டைப் பிடித்துக் கேளுங்கள். உடனே கடைப்பெயர் வராது. 'அந்தப் பழைய வங்கிக்குப் பின்னாடி, சிவப்பு நாற்காலி, உயரமான ஆளு' என்று அடையாளம்தான் வரும். ஏனென்றால் பல கடைகளை யாரும் பெயர்ப்பலகையால் அழைப்பதில்லை.

கேட்கத் தகுந்தவர்கள்: பள்ளிப் பாதுகாவலர், இரும்புச்சாமான் கடைத் தவ்க்கே (முதலாளி), மோட்டார் பட்டறைக்காரர், தபால் கொண்டுவருபவர், முடி வெட்டுபவர். ஊரை விட்டு நகராமல் நாள் முழுக்க இருப்பவர்கள் இவர்கள். வாரக்கடைசி மட்டும் வந்துபோகும் உறவினரைக் கேட்காதீர்கள். அவர்கள் சொல்வது அவர்கள் பிள்ளைப் பருவத்துக் கடை. பாதி மூடியிருக்கும், மீதி கைமாறியிருக்கும்.

தமிழ்ச் சாப்பாடு வேண்டுமென்றால்

பெரிய ரோட்டில் இருக்கும் வாழையிலைக் கடைகள் மோசமில்லை. ஆனால் தோட்டப்புற டவுனில் ஆகச் சிறந்த தமிழ்ச் சாப்பாடு வீட்டு வாசலில் கிடைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. தோட்டம் விற்பனையாகி, துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு வந்த குடும்பங்களில் நல்ல கைப்பக்குவம் உள்ள ஓர் அக்கா தாமான் வீட்டு போர்ச்சில் மேசை போட்டு இட்லி, தோசை, நாசி லெமாக், இடியாப்பம் விற்கத் தொடங்குவார். பலகை சின்னதாக இருக்கும், சில வீடுகளில் அதுவும் இருக்காது. காலையில் வீட்டு முன்னால் நாலைந்து மோட்டார் நின்றால் அதுதான் பலகை.

இந்த மாதிரி ஒரு கையைக் கண்டுபிடிக்கச் சுருக்கு வழி கோயில். பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, ஆடி மாதக் கூழ், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், புரட்டாசிச் சனி அன்னதானம் ஏதாவது ஒன்றுக்குப் போங்கள். சாம்பார் வாயில் பட்டதும் நன்றாக இருந்தால், 'இன்னிக்கு சமையல் யாரு?' என்று கேளுங்கள். ஐந்நூறு பேருக்குக் குறையில்லாமல் சமைக்கிறவர் பெரும்பாலும் கேட்டரிங் எடுப்பார், அல்லது அவர் தங்கை எங்காவது ஒட்டுக்கடை வைத்திருப்பார். எண் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் முந்திய நாள் சொன்னால் மறுநாள் மதியம் பொட்டலம் கட்டிவைக்கும் வீடுகள் ஒவ்வொரு தாமானிலும் உண்டு.

என்ன கேட்பது? பட்டர் சிக்கனும் நானும் கேட்காதீர்கள். அது வேறு வகைக் கடையின் வேலை. இங்கே கைதேர்ந்தவை கருவாடும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு, நெத்திலிச் சம்பல், ஆட்டுக்கறிப் பிரட்டல், முருங்கைக்கீரைச் சொதி, பாகற்காய் வறுவல், கோழி ரசம். கடை நல்லதா என்பதை ரசத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. பொரியலும் கறியும் யார் செய்தாலும் ஓரளவு ஒப்பேற்றலாம். காலையில் புளி கரைத்து மிளகு இடித்து வைத்த ரசத்தையும் பொடி தூவிய வெந்நீரையும் ஒரே மடக்கில் பிரித்துவிடலாம்.

வாழையிலைக் கடையில் சோறு, மூன்று வகைக் காய், அப்பளம், குழம்பு, ரசம், மோர் ஒரு விலை. மேலே எடுக்கும் மீன், நண்டு, இறால், ஆட்டுக்கறி தனி விலை. தட்டில் வைக்குமுன் 'இது எவ்வளவுண்ணே?' என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. முக்கியமாக மீன் தலைக்கறிக்கும் பெரிய இறாலுக்கும்.

செவ்வாய், வெள்ளிகளில் சில கடைகள் முழுச் சைவம். வெள்ளி மதியம் ஆட்டுக்கறி தேடிப் போய் வெறுங்கையோடு திரும்புவதற்கு முன் இதை ஞாபகம் வையுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதுதான் வாரத்தின் நல்ல நாள். அன்றைக்குத்தான் காய் வகை கூடும், பாயசமும் வரும்.

கோப்பிக் கடைக்குள் நுழைவது

சீனர் கோப்பிக் கடைக்குள் கால் வைக்கத் தயங்கும் தமிழர் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே போனால் யாரிடம் சொல்வது, எங்கே காசு கொடுப்பது என்று புரியாததுதான் பாதிக் காரணம். அமைப்பு இதுதான்: கடைக்காரர் தண்ணி (கோப்பி, தே மாதிரிக் குடிப்பவை) மட்டும் விற்பார். முன்னால் இருக்கும் அங்காடிகள் அவரிடம் இடம் வாடகைக்கு எடுத்தவை. ஒவ்வோர் அங்காடிக்கும் ஒரே ஒரு சாப்பாடு, கூடினால் இரண்டு. ஒருவர் வாந்தான் மீ, ஒருவர் கோழிச் சோறு, ஒருவர் சார் கொய்தியாவ். நீங்கள் முதலில் மேசை பிடியுங்கள், அங்காடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு மேசையைக் காட்டுங்கள், தண்ணிக்கு ஆள் வரும். சாப்பாட்டுக்குத் தனிக் காசு, தண்ணிக்குத் தனிக் காசு. தண்ணி எதுவும் சொல்லாமல் மேசையை அடைத்துக்கொண்டு உட்காருவது மரியாதை இல்லை.

தண்ணி சொல்லும் முறை நாடு முழுக்க ஏறக்குறைய ஒன்று. தே என்றால் இனிப்புக் கட்டிப்பால் போட்டது. தே ஓ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. தே சி என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சீனியும். பின்னால் கோசோங் சேர்த்தால் சீனி கிடையாது, கூராங் மானிஸ் என்றால் குறைச்சல். கோப்பிக்கும் இதே கணக்கு. இனிப்பு நீர் உள்ளவர்கள் தே ஓ கோசோங் என்று பழகிக்கொள்வது நல்லது, வெறும் தே என்று சொன்னால் டம்ளரின் அடியில் ஒரு விரல் கட்டிப்பால் நிற்கும்.

இந்த ஊரில் எதைத் தேடுவது? ஈப்போ பக்கத்தில் இருப்பதால் அங்கே பேர் பெற்ற வகைகள் இங்கேயும் உண்டு, கூட்டமும் விலையும் குறைவு. வழுவழுவென்ற கொய்தியாவில் கோழியைப் பிய்த்துப் போட்டு, இறால் ஓடு கொதித்த சூப்பை ஊற்றும் கை சீ ஹோர் பன். தவுகேயோடு (முளைப்பயறோடு) வரும் வேகவைத்த கோழி. இந்தப் பக்கத் தவுகே குட்டையாகக் குண்டாக இருக்கும், கடித்தால் நறுக்கென்று கேட்க வேண்டும். வடக்கே போனால் கோலகங்சாரில் வேறொரு லக்சா இருக்கிறது, கோதுமை மாவில் கையால் செய்த தடித்த மீயும் மென்மையான மீன் குழம்பும். பினாங்கு லக்சாவின் புளிப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

டவுன் கடைகளோடு நிறுத்திவிட வேண்டாம், சீனர் புதுக்கிராமங்களுக்கும் போங்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்து, காட்டோரம் சிதறி வாழ்ந்த சீனர்களை வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றியது. அந்தக் கிராமங்கள் இன்னும் இருக்கின்றன, வேலிதான் இல்லை. பலகை வீட்டின் முன்னறையில் நாலு மேசை போட்டு, மூன்றாம் தலைமுறையாக ஒரே மீயைச் செய்பவர்களை இங்கேதான் பார்க்கலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்குள் போய்ப் பாருங்கள். தமிழ் முகம் பார்த்தால் முதலில் கொஞ்சம் விழிப்பார்கள், 'ஆன்ட்டி, சத்து மாக்கான் சினி' என்று ஒரு சிரிப்போடு சொல்லிவிட்டால் நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

எதைச் சாப்பிடமாட்டீர்களோ அதை எப்படிச் சொல்வது

இந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம் ஒதுக்க வேண்டும். மற்றதெல்லாம் ருசி விஷயம், இது மனசு விஷயம்.

மாடு சாப்பிடாதவர்கள்: மாமாக் கடை நாசி கண்டாரில் கவனம் வேண்டும். நீங்கள் கோழிதான் எடுத்தாலும், குழம்பை 'சம்பூர்' என்று சொன்னால் எல்லாச் சட்டியிலிருந்தும் ஒரு கரண்டி விழும். அதில் மாட்டுக்கறிக் குழம்பும் அடக்கம். 'அண்ணே, கோழிக் குழம்பு மட்டும், வேற எதுவும் ஊத்தாதீங்க' என்று தெளிவாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் தமிழிலேயே சொல்லலாம். தோம்யாம் கடைப் பட்டியலில் டாகிங் என்று மட்டும் போட்டிருந்தால் அது மாடு. ஆடு என்றால் கம்பிங் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். மீ சூப், பீஹூன் சூப் சொல்லும்போது சூப் எதில் கொதித்தது என்று கேளுங்கள், மாட்டெலும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். சீனர் அங்காடிகளில் இந்தக் கவலை குறைவு. குவான் யின் அம்மனைக் கும்பிடும் பலர் தாங்களே மாடு தொடுவதில்லை, அதனால் பல அங்காடிகளில் மாட்டிறைச்சியே இருக்காது.

பன்றி சாப்பிடாதவர்கள்: சீனர் கடையில் இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கொழுப்பு இருக்கலாம். சார் கொய்தியாவ் வாணலியில் பன்றிக்கொழுப்பு ஊற்றுவது பழைய வழக்கம், வாந்தான் மீயிலும் மேலே தெளிப்பார்கள். யோங் தாவ்ஃபூவில் மீன் விழுதோடு பன்றிக்கறி சேர்ப்பவர்களும் உண்டு. முஸ்லிம் நண்பரோடு போகிறீர்கள் என்றால் இதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், வேறு கடைக்குப் போங்கள். 'பன்றி இல்லை' என்று போர்டு போட்டிருப்பது ஹலால் ஆகாது. ஜாக்கிம் (மத்திய இஸ்லாமிய மேம்பாட்டு இலாகா) அல்லது மாநில சமய இலாகாவின் ஹலால் சின்னத்தைப் பாருங்கள். அதே நேரம், முஸ்லிம்கள் நடத்தும் சின்ன ஒட்டுக்கடைகளில் அந்தச் சின்னம் இல்லாதது சகஜம். விண்ணப்பித்து வாங்க வேண்டிய ஒன்று என்பதால் பலர் வாங்குவதில்லை. மலாய், சீன, தமிழ் சக ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து போக வேண்டிய விருந்தென்றால் எனக்குத் தெரிந்து தோம்யாம் கடையே தகராறு இல்லாதது. கடல் மீன், முட்டை, கீரை என்று மேசை நிறைந்துவிடும், யாரும் எதையும் விட வேண்டியதில்லை.

முழுச் சைவம்: இவர்களுக்குத்தான் கஷ்டம். சம்பல் என்றாலே பெலாச்சானும் (இறால் விழுதும்) நெத்திலியும் உள்ளே இருக்கும். கங்கோங் கீரை சொன்னால் பெலாச்சானோடு வரும். சீனர் கடையில் கீரை சொன்னால் சிப்பிச் சாறு ஊற்றித் தருவார்கள். தோம்யாமில் மீன் சாறு. மலாய்க்கார அக்காவிடம் 'சாயூர் சஹாஜா' (காய்கறி மட்டும்) என்று சொன்னால் போதாது, காய்கறியில் நாலு சின்ன இறால் போட்டிருந்தாலும் அவர் கணக்கில் அது காய்கறிதான். மாடு, கோழி, நெத்திலி, இறால், பெலாச்சான் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: 'தாக் மாவ் டாகிங், தாக் மாவ் ஆயாம், தாக் மாவ் இக்கான் பிலிஸ், தாக் மாவ் உடாங், தாக் மாவ் பெலாச்சான்.' முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், 'தெலோர் போலே' அல்லது 'தெலோர் தாக் போலே'. ஒரு வாரம் சொன்னால் அடுத்த வாரம் உங்கள் முகத்தைப் பார்த்ததும் வாணலியைக் கழுவிவிடுவார்கள்.

சைவர்களுக்கு நல்ல செய்தி, சீனர் சைவக் கடைகள். நம் ஆட்களில் பலர் இவற்றைக் கவனிப்பதே இல்லை. மஞ்சள் பலகை, சுவஸ்திகா மாதிரியான பௌத்தச் சின்னம், வாசலில் ஒரு சிறிய சாமிப் பெட்டி. சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்த கோழி, மீன் வகைகளைப் பார்த்து மிரள வேண்டாம். வெங்காயம், பூண்டுகூடப் போடாத கடைகள் இவற்றில் நிறைய, ஆகவே விரதக்காரர்களுக்கும் உதவும். முட்டையை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சீன மாதத்தின் 1ஆம், 15ஆம் நாள்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, வழக்கமான கோப்பிக் கடைகளிலும் சைவ அங்காடி முளைக்கும். சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் சாமி விழா வரும்போது (பெரும்பாலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர்) கடைவீதியில் மஞ்சள் கொடி கட்டி ஒன்பது நாளும் சைவம் விற்பார்கள். பல வருடம் அது நம் நவராத்திரிக்கு ஒட்டியே வரும். புரட்டாசி விரதம் இருப்பவர்கள் இந்த ஒன்பது நாளும் வீட்டில் அடுப்பே மூட்ட வேண்டாம்.

மலாய்க் கடைகளும் புதிதாக வந்த அடுப்புகளும்

மலாய்ச் சாப்பாட்டுக்குக் காலையும் மதியமும் நல்ல நேரம். சாலையோரம் ஒற்றை மேசையில் வாழையிலையில் மடித்த நாசி லெமாக் பொட்டலம் வைத்து விற்கும் மாக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) வாங்கிப் பாருங்கள். எட்டு மணிக்குள் மேசை காலியானால் அதுதான் சான்றிதழ். நாசி சம்பூரில் நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும், கல்லாவில் இருப்பவர் ஒரு பார்வையில் விலை சொல்வார். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று இதுவரை யாரும் விளக்கியதில்லை. பெரிய மீன் துண்டு எடுத்தால் மட்டும் முன்கூட்டிக் கேளுங்கள்.

தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் இப்போது வேலை செய்கிறவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள் அதிகம். அவர்கள் வந்தால் அவர்கள் அடுப்பும் வரும். ஆயாம் பெஞ்ஞெட், பாக்சோ, மோமோ, கடுகெண்ணெய் வாசத்தோடு உருளைக்கிழங்கு பர்த்தா எல்லாம் கடைவீதியின் பின்சந்துகளில், மளிகைக் கடையோடு ஒட்டிய சின்ன அறைகளில் கிடைக்கும். ஞாயிறு பகல்தான் அவற்றின் நேரம், விடுமுறை அன்றைக்குத்தான். நம் ஆட்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, அது நட்டம். நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன்னால் லயத்துச் சமையலையும் டவுன்காரர்கள் அப்படித்தான் ஒதுக்கி வைத்தார்கள்.

சுத்தம், காசு

சுவரில் உள்ளூர் மன்றம் ஒட்டிய தரச் சான்று இருக்கும், ஏ, பி, சி என்று. ஏ என்றால் சுத்தத்துக்கு நல்ல மதிப்பெண், ருசிக்கு அல்ல. சமைக்கிறவர்கள் டைபாய்ட் ஊசி போட்டிருக்க வேண்டும், உணவு கையாளும் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்பது 2009 உணவுச் சுகாதார விதிகளில் இருக்கிறது. வீட்டு வாசல் மேசையில் இதையெல்லாம் நீங்கள் சோதிக்க முடியாது. அங்கே பார்க்க வேண்டியது கழுவுகிற இடம். தட்டு ஓடும் தண்ணியில் கழுவுகிறார்களா, ஒரே வாளியில் முக்குகிறார்களா? காசு வாங்கிய கையாலேயே சாம்பாரைத் தொடுகிறார்களா? நான் கழிவறையைப் பார்த்து முடிவு செய்யும் கட்சி இல்லை. பழைய கடைவீட்டுக் கழிவறைகள் எல்லாமே ஒரே மாதிரிதான்.

ரொக்கம் வைத்திருங்கள், சில்லறையாக. டூயிட்நவ் கியூஆர் இப்போது பசார் மீன்கடை வரை வந்துவிட்டது. ஆனால் காலை ஆறரைக்கு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) நோட்டை நீட்டினால் நாசி லெமாக் மாக்சிக் என்ன செய்வார்? சேவை வரி பற்றிக் கவலை வேண்டாம். ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் கடைகளுக்குத்தான் 6 விழுக்காடு, இந்த ஊர்க் கடைகளில் மிகச் சிலதான் அந்தக் கணக்கில் வரும்.

நாள்காட்டி

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை முஸ்லிம் கடைகள் பெரும்பாலும் சாத்தியிருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் மலாய்க் கடைகள் இல்லை, மாமாக் கடையிலும் பகல் கூட்டம் குறைவு. ஆனால் மாலை மூன்று மணிக்கு மேல் ரமலான் பசார் திறந்துவிடும். நோன்பு திறக்கும் நேரத்துக்கு அரை மணிக்கு முன்னால் போனால் நெரிசல், நாலரைக்குப் போனால் தெரிவுகள் நிறைய. சாப்பாட்டை வாங்கியதும் அங்கேயே நின்று மென்றுகொண்டிருக்காமல் பொங்குஸ் கட்டி எடுத்துவந்துவிடுங்கள்.

சீனப் பெருநாளுக்கு மீ அங்காடிகள் ஒரு வாரம், சில கடைகள் பதினைந்து நாள் வரை திறக்கமாட்டா. எந்தத் தேதியில் திறப்போம் என்று சிவப்புத் தாளில் எழுதி ஒட்டியிருப்பார்கள், முந்திய வாரமே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். மாத முதல் வாரம் இன்னொரு கணக்கு. வேலைச் சட்டப்படி சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள் கைக்கு வந்துவிடும். அதை ஒட்டிய ஞாயிறு தோட்டத்து வேன்களும் மோட்டார்களும் டவுனை நிறைத்துவிடும், பதினொரு மணிக்கெல்லாம் வாழையிலைக் கடையில் நாற்காலி கிடைக்காது. அன்றைக்குப் புதுக்கிராமத்துப் பக்கம் போங்கள், அல்லது சாப்பாட்டைப் பத்தரைக்கே முடித்துவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்திய இரண்டு மூன்று வாரம் வீட்டு வாசல் இட்லிக் கடைகள் பலவும் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாறிவிடும். மாவு ஆட்டும் கை ஒன்றுதானே. அந்த நாள்களில் காலை மேசை இருக்கும் என்று நம்பிப் போகாமல், முந்திய இரவே வாட்ஸ்அப்பில் 'அக்கா, நாளைக்கு இட்லி உண்டா?' என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். முறுக்கு ஆர்டரையும் அதிலேயே கொடுத்துவிடலாம், கடைசி வாரம் கேட்டால் கிடைக்காது.